முகவரி இல்லாதவரின் முதல் கணக்கு

பிரிட்டனுக்குப் படிக்கவோ பணிபுரியவோ தஞ்சம் கோரியோ வந்து சேரும் ஒருவருக்கு, அந்நாட்டு வங்கியில் திறக்கப்படும் முதல் கணக்கு பணத்தைப் பத்திரப்படுத்த மட்டும் உதவுவதில்லை. அங்குள்ள அன்றாட வாழ்க்கைக்குள் நுழைவதே அதன் வழியாகத்தான் நடக்கிறது. சம்பளத்தை ரொக்கமாகத் தரும் நிறுவனங்கள் இன்று அரிது. வாடகையும் வங்கி வழியாகவே கைமாறுகிறது. மின்கட்டணம், கைப்பேசிக் கட்டணம் போன்றவை ‘டைரக்ட் டெபிட்’ முறையில், அதாவது வாடிக்கையாளர் ஒருமுறை ஒப்புதல் அளித்துவிட்டால் குறித்த நாளில் நிறுவனமே அவர் கணக்கிலிருந்து தொகையை எடுத்துக்கொள்ளும் முறையில், செலுத்தப்படுகின்றன. இந்தியாவில் நடப்புக் கணக்கு என்றால் வணிகர்கள் வைத்திருப்பது என்ற எண்ணம் இருப்பதால், சேமிப்புக் கணக்குத்தான் வேண்டும் என்று கேட்டு வரும் மாணவர்கள் உண்டு; பிரிட்டனில் மாணவர், சம்பளக்காரர், ஓய்வூதியர் என எல்லோரும் புழங்குவது நடப்புக் கணக்கே. வங்கியையும் கிளையையும் குறிக்கும் ஆறு இலக்கச் ‘சார்ட் கோடு’, கணக்கைக் குறிக்கும் எட்டு இலக்க எண் ஆகிய இரண்டும் கைக்கு வந்த பிறகுதான் புதியவரால் வேலைக்கான படிவத்தை முழுமையாக நிரப்ப முடிகிறது.

அந்த இரண்டு எண்களைப் பெறும் வழியில்தான் முடிச்சு விழுகிறது. வேலை தருபவர் வங்கிக் கணக்கைக் கேட்கிறார்; வங்கி முகவரிச் சான்றைக் கேட்கிறது; வீட்டை வாடகைக்கு விடுபவரோ சம்பளச் சீட்டையும் வங்கி அறிக்கையையும் கேட்கிறார். லண்டன் புறநகரில் ஒரு வங்கிக் கிளையில், புதிய கணக்குகளைத் திறக்கும் மேசையில் நெடுங்காலம் பணியாற்றிய இக்கட்டுரையாளரின் அனுபவத்தில், கையில் பணம் இல்லை என்பதற்காகத் திரும்பிச் சென்ற புதியவரைக் காண்பது அரிதாகவும், காகிதம் இல்லை என்பதற்காகத் திரும்பியவரைக் காண்பது அன்றாடமாகவும் இருந்தது. சட்டம் கேட்பது குறைவு, மேசை மீதிருக்கும் பட்டியல் கேட்பது மிகுதி. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அறிந்து, வந்தவருக்குப் பொருந்தும் காகிதத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே இத்தொழிலின் திறன் என்று அவர் கருதுகிறார்.

சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புக்கான முதல் விதிமுறைகள் பிரிட்டனில் 1994 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முந்தைய தலைமுறை அலுவலர்கள், வேலை தருபவரோ பழைய வாடிக்கையாளர் ஒருவரோ தந்த அறிமுகக் கடிதத்தைப் பெரிதாக மதித்தவர்கள். விதிமுறைகள் பின்னர் 2003, 2007 ஆகிய ஆண்டுகளில் மாற்றி எழுதப்பட்டன. தற்போதுள்ளவை 2017 ஜூனில் வந்தவை. இவற்றின் சாரம் எளியது: வாடிக்கையாளர் யார் என்பதை வங்கி அறிந்துகொள்ள வேண்டும், அதை அவருடைய வாய்மொழியைக் கொண்டல்லாமல், அவரைச் சாராத நம்பகமான ஆவணத்தையோ தகவலையோ கொண்டு சரிபார்க்க வேண்டும். எரிவாயுக் கட்டண ரசீது வேண்டும் என்று அவ்விதிமுறைகள் எங்கும் கூறவில்லை. விதிமுறைகளுக்கு விளக்கமாக நிதித்துறை அமைப்புகள் கூடி வெளியிடும் வழிகாட்டுநூல்தான் பெயர், முகவரி, பிறந்த தேதி என்று வகுக்கிறது. ஒவ்வொரு வங்கியும் அதைத் தன் வசதிக்கேற்பச் சுருக்கி ஒரு பட்டியலாக்கி, அலுவலரின் மேசைக்கு அனுப்புகிறது. வழக்கமான சான்றுகளைத் தர இயலாத நிலையில் இருப்பவருக்கு நியாயமின்றிச் சேவையை மறுத்துவிடக் கூடாது என்று எஃப்.சி.ஏ. எனப்படும் நிதி நடத்தை ஆணையத்தின் கையேடே சொல்கிறது. அந்த வரி பட்டியலில் இடம்பெறுவதில்லை என்பதால், பட்டியலை மட்டும் படித்த அலுவலருக்கு அது தெரிவதும் இல்லை.

பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் ஓரிடத்தில் நிலைத்து வாழ்பவரிடம் இருப்பவை: உள்ளாட்சி மன்றம் அனுப்பும் கவுன்சில் வரி ரசீது, கடந்த மூன்று மாதங்களுக்குள் வந்த தண்ணீர், மின்சார, எரிவாயுக் கட்டண ரசீதுகள், வேறொரு வங்கியின் அறிக்கை, ஓட்டுநர் உரிமம். கைப்பேசிக் கட்டண ரசீதைப் பெரும்பாலான வங்கிகள் ஏற்பதில்லை. கைப்பேசி ஆளோடு நகர்வது, அதன் ரசீது வீட்டைப் பற்றி எதையும் உறுதிசெய்வதில்லை என்பதே காரணம். முழுநேர மாணவர்கள் மட்டுமே வாழும் வீட்டுக்குக் கவுன்சில் வரியிலிருந்து விலக்கு உண்டு என்பது மாணவர்களுக்குப் பெரும் ஆறுதல். ஆனால் அந்த விலக்கினாலேயே பட்டியலின் முதல் சான்று அவர்கள் பெயருக்கு வராமல் போகிறது. விடுதியில் தங்குவோருக்கு எல்லாக் கட்டணமும் வாடகையில் அடங்கிவிடுவதால் வேறு ரசீதும் இல்லை. லண்டனின் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ போன்ற பகுதிகளில் ஒரே வீட்டின் அறைகளைப் பங்கிட்டுக்கொண்டு வாழ்பவர்களின் நிலை இதனினும் கடினம். “சார், பில் எல்லாம் வீட்டுக்கார அண்ணன் பேர்லதான் வருது, என் பேர்ல எதுவும் வராது” என்று, மேசைக்கு அப்பால் தமிழ் தெரிந்தவர் இருப்பதைக் கண்டுகொண்ட நிம்மதியில் ஒரு மாணவர் சொன்னதை, அதே பகுதியில் வாழும் எத்தனையோ பேர் வேறு வேறு சொற்களில் சொல்லியிருக்கிறார்கள்.

மாணவர்களுக்கு உள்ள வழி பல்கலைக்கழகம் வங்கிக்கு முகவரியிட்டுத் தரும் உறுதிக் கடிதம். படிப்பின் பெயர், தொடங்கும் நாள், முடியும் நாள், பிரிட்டன் முகவரி, சொந்த ஊர் முகவரி ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இக்கடிதம் நடைமுறையில் எத்தனை விதங்களில் பயனற்றுப் போகிறது என்பதை மேசையில் இருந்து பார்த்தவரே அறிவர். பல்கலைக்கழகத்தின் பதிவேட்டில் மாணவர் இன்னும் ஊர் முகவரியை மாற்றாமல் இருந்தால், கடிதம் திருச்சி முகவரியோடு அச்சாகிவிடும். கதவு எண் 42 என்று கடிதத்திலும் 42ஏ என்று விண்ணப்பத்திலும் இருந்தால், மாடியிலுள்ள வீடும் கீழ்வீடும் வெவ்வேறு முகவரிகளாகவே கணினிக்குத் தோன்றும். வங்கியின் பெயரைக் குறிப்பிடாத பொதுக் கடிதத்தைச் சில வங்கிகள் ஏற்பதில்லை; இணையத்திலிருந்து தாமே அச்சிட்டுக்கொண்ட, முத்திரையில்லாத சேர்க்கைச் சான்றைப் பலவும் ஏற்பதில்லை. ஆகவே கடிதம் பெறச் செல்லும் முன், வாடகை ஒப்பந்தத்தில் முகவரி எப்படி எழுதப்பட்டுள்ளதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து, அஞ்சல் குறியீடு வரை, பல்கலைக்கழகப் பதிவேட்டில் மாற்றிவிட்டுக் கடிதம் கேட்பதே முறை. வேலைக்கு வந்தவருக்கு நிறுவனத்தின் கடிதம், தேசியக் காப்பீட்டு எண்ணை அறிவித்து அரசு அனுப்பும் கடிதம், வரித்துறைக் கடிதம், பதிவுபெற்ற முகவர் வழியாகப் போடப்பட்ட வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றுள் ஒன்று உதவும். வீட்டு உரிமையாளர் வெள்ளைத்தாளில் கையெழுத்திட்டுத் தருவது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் பெரும்பாலும் உதவுவதில்லை.

முகவரிக்கு அடுத்த இடர்ப்பாடு பெயர். தமிழ்ப் பெயர் அமைப்பில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தந்தையின் பெயரது முதலெழுத்து முன்னே நிற்க, அவரவர் பெயர் பின்னே வருகிறது. மு. செந்தில்குமார் என்று பள்ளிச் சான்றிதழில் இருப்பவர் கடவுச்சீட்டு எடுக்கும்போது, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் தந்தையின் பெயரான முருகேசனை எழுதுகிறார். சிலர் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். திருமணமான பெண்களுள் சிலருக்கு அவ்விடத்தில் கணவர் பெயர் நிற்க, பழைய சான்றிதழ்களில் தந்தையின் முதலெழுத்தே தொடர்கிறது. இலங்கைத் தமிழரின் ஆவணங்களிலும் இதே சிக்கல் உண்டு. வங்கியின் கணினிப் படிவமோ குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட அனுமதிப்பதில்லை. அதனால் ஒரே மனிதர் கடவுச்சீட்டில் ஒரு வரிசையிலும், பல்கலைக்கழகக் கடிதத்தில் வேறு வரிசையிலும், வேலை ஒப்பந்தத்தில் முதலெழுத்தோடும் தோன்றுகிறார். மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என்பதைத் தமிழ் அறிந்த அலுவலர் பார்த்தவுடன் உணர்ந்துகொள்வார். தமிழ் அறியாதவரிடம் அதே உணர்வை எதிர்பார்ப்பதற்கில்லை. கணினியிடமோ கேட்கவே வேண்டாம்.

இதற்கு இக்கட்டுரையாளர் கைக்கொண்ட வழி, கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக அச்சிடப்பட்டுள்ள இரண்டு வரிகளையே அளவுகோலாகக் கொள்வது. அங்கே குடும்பப் பெயராக எது நிற்கிறதோ அதுவே விண்ணப்பத்திலும் நிற்க வேண்டும். மற்ற எல்லாக் காகிதங்களும் அதற்கு இணங்கத் திருத்தப்பட வேண்டும். இதன் விளைவாக அட்டையில் தந்தையின் பெயர் பெரிதாக அச்சாகி, வங்கியிலிருந்து வரும் கடிதங்கள் எல்லாம் மகனைத் தந்தையின் பெயரால் விளிக்கும் நிலை ஏற்படுகிறது. அது பலருக்கு மனத்தாங்கலாக இருப்பதும் நியாயமே. ஆனால் 2020 முதல் பிரிட்டனின் பெரிய வங்கிகள், பணம் அனுப்புபவர் எழுதும் பெயரும் பெறுபவரின் கணக்கில் உள்ள பெயரும் பொருந்துகின்றனவா என்று அனுப்பும் முன்பே சரிபார்த்துச் சொல்லும் முறையைக் கொண்டுவந்துவிட்டதால், கணக்கின் பெயர் ஒன்றாகவும் சம்பளப் பட்டியலின் பெயர் வேறாகவும் இருப்பது இன்று முன்னிலும் அதிகத் தொல்லை தருகிறது.

அடையாளச் சான்று என்பதில் கடவுச்சீட்டோடு குடியேற்ற நிலையைக் காட்டும் ஆவணமும் அடங்கும். பல ஆண்டுகளாக அது பி.ஆர்.பி. எனப்பட்ட, விரல்ரேகைப் பதிவோடு கூடிய பிளாஸ்டிக் அட்டையாக இருந்தது; நாட்டுக்குள் வந்த 10 நாட்களுக்குள் குறித்த அஞ்சலகத்தில் அதைப் பெற்றுக்கொண்டு மாணவர்கள் நேராக வங்கிக்கு வருவர். அவ்வட்டைகள் 2024 டிசம்பர் 31ஆம் தேதியோடு காலாவதியாகும் வகையில் வழங்கப்பட்டு, இப்போது அவற்றின் இடத்தை இணையத்தில் மட்டுமே காணக்கூடிய ஈ-விசா பிடித்துள்ளது. ஈ-விசா வைத்திருப்பவர் உள்துறையின் தளத்தில் ‘ஷேர் கோடு’ எனப்படும் குறியீட்டை உருவாக்கித் தர, அதைப் பெறுபவர் தம் திரையில் அவருடைய நிலையைப் பார்த்துக்கொள்ளலாம். அட்டை தொலைந்துபோகும் அச்சம் நீங்கியது நல்லதே. எனினும் அடையாளம் என்பதைக் கையில் பிடித்துப் பார்த்துப் பழகிய அலுவலர்களும் வயதில் மூத்த வாடிக்கையாளர்களும் இம்மாற்றத்தில் தடுமாறுவது இயல்பு. பழைய கடவுச்சீட்டு எண்ணிலேயே ஈ-விசா இணைக்கப்பட்டிருந்து, புதிய கடவுச்சீட்டைக் காட்டும்போது பொருந்தாமல் போவதும் உண்டு என்பதால், கடவுச்சீட்டைப் புதுப்பித்தவர் அந்த இணைப்பையும் உடனே புதுப்பித்துவிட வேண்டும்.

வங்கி அலுவலரைக் குடியேற்றக் காவலராகவும் ஆக்கியது 2014ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம். அச்சட்டத்தின் 40ஆவது பிரிவு அதே ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்த பின், நாட்டில் தங்க அனுமதியற்றவர் என்று உள்துறை குறித்துள்ள ஒருவருக்கு நடப்புக் கணக்கு திறப்பது தடைசெய்யப்பட்டது. இதற்கான பெயர்ப்பட்டியலை, மோசடித் தடுப்புத் தகவல்களைத் தொகுக்கும் சிஃபாஸ் என்ற அமைப்பின் வழியாக வங்கிகள் சரிபார்க்கின்றன. 2016ஆம் ஆண்டின் சட்டம் ஏற்கெனவே உள்ள கணக்குகளுக்கும் இதை விரிவாக்கியது. கரீபியத் தீவுகளிலிருந்து பல்லாண்டுகளுக்கு முன் சட்டப்படி வந்து குடியேறியவர்களை, காகிதம் இல்லை என்ற ஒரே காரணத்தால் அரசு வதைத்த விண்ட்ரஷ் விவகாரம் 2018இல் வெடித்தபோது இந்தச் சோதனை சில ஆண்டுகள் நிறுத்தி வைக்கப்பட்டது. மேசைக்கு முன் அமர்ந்திருப்பவரின் வாழ்வுரிமையை ஒரு பட்டியலின் துணையோடு தீர்மானிக்கும் பொறுப்பு வங்கி ஊழியருக்கு உரியதன்று என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. விசா நீட்டிப்புக்கு உரிய காலத்தில் விண்ணப்பித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருப்பவரின் பழைய அனுமதி, 1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 3சி பிரிவின்படி முடிவு வரும்வரை தொடர்கிறது. விசா தேதி கடந்துவிட்டதைக் கண்ட மாத்திரத்தில் கணக்கு மறுக்கப்படுமானால், அந்தப் பிரிவை மரியாதையோடு எடுத்துக்காட்டுவது தவறில்லை.

ஆவணங்களைக் கையால் பார்ப்பதற்கு முன்பே கணினி வழியாக ஒரு சோதனை நடந்துவிடுகிறது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய கடன் தகவல் நிறுவனங்களின் பதிவுகளில் அந்தப் பெயரும் முகவரியும் சேர்ந்து காணப்படுகின்றனவா என்று பார்ப்பதே அது. புதியவருக்கு அங்கே எந்தப் பதிவும் இராது. கடனை ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தாதவர் என்பது இதன் பொருளன்று, ஆனால் அறியப்படாதவர் என்ற நிலையும் ஏறத்தாழ அதே விளைவைத் தருகிறது. இதை மாற்றும் வழிகளுள் ஒன்றைத் தமிழர் பலர் அறியாமலே இருக்கின்றனர். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் போன்ற காமன்வெல்த் நாடுகளின் குடிமக்கள், பிரிட்டனில் தங்க அனுமதி பெற்று வாழும்வரை, அந்நாட்டு வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதிந்துகொள்ளும் உரிமை உடையவர்கள். மாணவர் விசாவில் இருப்பவரும் இதில் அடங்குவர். அப்பட்டியலை அக்கடன் தகவல் நிறுவனங்கள் பயன்படுத்துவதால், பெயரைப் பதிந்து சில வாரங்கள் கழித்து விண்ணப்பிக்கும் ஒருவரைக் கணினி அடையாளம் கண்டுகொள்ளும் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது. பேரரசு விட்டுச்சென்ற இந்த உரிமை, வாக்களிக்க விரும்பாதவருக்கும்கூட மேசை முன்னால் பயன்படுகிறது.

எந்த வழியும் கைகொடுக்காதபோது எஞ்சுவது அடிப்படைக் கணக்கு. கடன் வசதியோ மிகைப்பற்றோ இல்லாமல், பணம் பெறவும் செலுத்தவும் அட்டையைப் பயன்படுத்தவும் மட்டும் உரிய இவ்வகைக் கணக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறையை ஒட்டி பிரிட்டன் 2015இல் இயற்றிய விதிமுறைகளின்படி 2016 செப்டம்பரிலிருந்து ஓர் உரிமையாயிற்று. நாட்டில் சட்டப்படி வாழும் எவருக்கும் இதை வழங்கும் கடமை, பெயர் குறிக்கப்பட்ட பெரிய வங்கிகளுக்கு உண்டு. நிலையான முகவரி இல்லாதவரையும் தஞ்சம் கோரியிருப்பவரையும் அந்த ஐரோப்பிய நெறிமுறை வெளிப்படையாகவே குறிப்பிட்டது. முழுமையான விண்ணப்பம் கிடைத்த 10 வேலைநாட்களுக்குள் வங்கி முடிவைச் சொல்ல வேண்டும்; மறுத்தால், சட்டம் தடுக்காத நிலையில், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இக்கணக்கு இருப்பதை வங்கிகள் விளம்பரப்படுத்துவது குறைவு. அதன் பெயரைச் சொல்லிக் கேட்டவருக்கே அது கிடைத்தது என்பது வருத்தத்துக்குரிய உண்மை.

இதன் அருமையை 1983க்குப் பின் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் ஈழத்தமிழ் அகதிகளின் நிலையிலிருந்து உணரலாம். தஞ்சக் கோரிக்கை ஏற்கப்பட்ட பின் அரசு தந்துவந்த உதவித்தொகையும் தங்குமிடமும் நெடுங்காலமாக இருந்துவந்த விதியின்படி 28 நாட்களில் நின்றுவிடும்; அதற்குள் ‘யூனிவர்சல் கிரெடிட்’ எனப்படும் அரசு உதவிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதன் முதல் தவணை வர ஏறத்தாழ ஐந்து வாரங்கள் ஆகும், அது வந்து சேர ஒரு கணக்கும் வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அவ்வாறு அங்கீகாரம் பெற்ற மூதாட்டி ஒருவர், ஞெகிழிப் பையொன்றில் தம் காகிதங்கள் அனைத்தையும் சுமந்துவந்து மேசைமேல் பரப்பியபோது, “என்ர பேருக்கு ஒரு கடிதமும் வாறேல்லை, தம்பி” என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். பரப்பியவற்றுள் உள்துறையின் முடிவுக் கடிதம் இருந்தது. அவருடைய பெயரும் பிறந்த தேதியும் அப்போதைய தங்குமிட முகவரியும் அதில் தெளிவாக அச்சாகியிருந்தன. அரசின் துறையொன்று தானே அனுப்பிய கடிதத்தைவிட எரிவாயு நிறுவனத்தின் ரசீது எவ்விதத்தில் உயர்ந்த சான்று என்ற கேள்வியை மேலதிகாரியிடம் எழுப்பியபின், அக்கடிதமே ஏற்கப்பட்டது. தனக்கு வந்த கடிதம் எதுவும் ‘வீட்டுக் கடிதம்’ ஆகாது என்று யாரோ முன்பு சொல்லி அனுப்பியிருந்ததால்தான் அம்மூதாட்டி அதைக் காட்டாமலே பல இடங்களில் திரும்பியிருந்தார்.

இன்று புதியவர்களுள் பலர் கிளைக்கு வருவதே இல்லை. 2015க்குப் பின் பிரிட்டனில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வங்கிக் கிளைகள் மூடப்பட்டுவிட்டன. மான்சோ, ஸ்டார்லிங் போன்ற, கிளையே இல்லாத வங்கிகள் கடவுச்சீட்டின் படத்தையும் விண்ணப்பதாரரின் முகக் காணொளியையும் கைப்பேசி வழியாகப் பெற்று, பல வேளைகளில் தனி முகவரிச் சான்று கேட்காமலே கணக்கைத் திறந்துவிடுகின்றன. அட்டையை அனுப்ப ஒரு முகவரி போதும். புதிதாக வருபவருக்கு முதல் கணக்காக இதைப் பரிந்துரைப்பதில் தயக்கத்துக்கு இடமில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: உரிமம் பெற்ற வங்கியும், மின்பண நிறுவனமும் ஒன்றல்ல. வங்கி நொடித்தால் வைப்புப் பாதுகாப்புத் திட்டம் குறித்த வரம்புவரை ஈடு தரும். மின்பண நிறுவனம் வாடிக்கையாளர் பணத்தைத் தனியே ஒதுக்கி வைக்கக் கடமைப்பட்டதேயன்றி, அந்தத் திட்டம் அதற்குப் பொருந்தாது. ஆண்டுக் கட்டணம் முழுவதையும் கையில் வைத்திருக்கும் மாணவருக்கு இவ்வேறுபாடு சிறியதன்று.

புறப்படும் முன்பே ஏற்பாடு செய்ய விரும்புவோருக்கும் வழிகள் உள்ளன. ஸ்டேட் வங்கிக்கும் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கிக்கும் பிரிட்டனில் துணை நிறுவனங்கள் இருக்கின்றன. ஊரிலிருந்தே விண்ணப்பிக்கும் வசதியை இத்தகைய வங்கிகள் வெவ்வேறு காலங்களில் அளித்துள்ளன. ஆனால் ஊர்க்கணக்கைப் பற்றிய கடமை பலருக்கு மறந்துபோகிறது. 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் கீழ், வேலைக்காக வெளிநாடு சென்றவர் தம் சாதாரணச் சேமிப்புக் கணக்கை வங்கிக்குத் தெரிவித்து, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். படிக்கச் சென்றவரும் வெளிநாடுவாழ் இந்தியராகவே கொள்ளப்படுவார் என ரிசர்வ் வங்கி 2003இல் விளக்கிவிட்டது. பிரிட்டன் வங்கியின் விண்ணப்பத்தில் எந்த நாட்டில் வரி செலுத்துகிறீர்கள் என்ற கேள்வி வருவதும் இதனோடு தொடர்புடையதே. நாடுகள் தமக்குள் கணக்கு விவரங்களைப் பகிர்ந்துகொள்ளும் பொது ஏற்பாட்டின்படி 2016 முதல் அக்கேள்வி கட்டாயமாயிற்று. இந்தியாவில் வரிக்கு உட்பட்டவர் அங்கே தம் பான் எண்ணை எழுத வேண்டும். அதைக் கண்டு அஞ்சி, பொய்யாக ‘இல்லை’ என்று குறிப்பது பின்னாளில் பெருந்தொல்லையாகும்.

கணக்கு மறுக்கப்படும்போது புதியவரை மிகவும் புண்படுத்துவது மேசைக்குப் பின்னாலிருக்கும் மௌனம். 2002ஆம் ஆண்டின் குற்ற வருவாய்ச் சட்டத்தின்படி, ஒருவரைப் பற்றிய ஐயத்தை வங்கி உரிய அமைப்புக்குத் தெரிவித்திருந்தால், அதை அவருக்கு உணர்த்துவதே ஊழியர் செய்யும் குற்றமாகிவிடும். ஆகவே ஐயத்தின் பேரில் நிறுத்தப்பட்ட சிலருக்கும், கதவு எண் பொருந்தாததால் நிறுத்தப்பட்ட பலருக்கும் ஒரே விதமான பட்டும்படாத கடிதம் போகிறது. பின்னவரும் தம்மை வங்கி குற்றவாளியாக எண்ணுவதாக நினைத்துக் குமைகிறார். முதலில் கடன் தகவல் நிறுவனங்களிலும் சிஃபாஸிலும் தம்மைப் பற்றி உள்ள பதிவைக் கேட்டுப் பெறுவதும், பிறகு வங்கிக்கு எழுத்தில் முறையிடுவதும், எட்டு வாரங்களில் நிறைவான பதில் வராவிட்டால் கட்டணமின்றிச் செயல்படும் நிதிக் குறைதீர்ப்பாளரை அணுகுவதும் அவருக்கு உள்ள வழிகள். வங்கியின் இறுதிப் பதில் வந்திருந்தால் அந்நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் அணுகிவிட வேண்டும்.

இத்தனை பாடுபட்டுத் திறந்த கணக்கைச் சில மாணவர்கள் இழக்கும் விதத்தை நினைக்கும்போது இக்கட்டுரையாளருக்கு இன்றும் மனம் பதைக்கிறது. வீட்டிலோ வகுப்பிலோ பழகிய ஒருவர், தம் கணக்கில் ஏதோ சிக்கல் என்றும், வரும் தொகையை வாங்கி மறுநாள் வேறிடத்துக்கு அனுப்பினால் ஒரு பங்கு தருவதாகவும் சொல்வார். பகுதிநேர வேலை கிடைக்காமல் வாடகைக்குத் திண்டாடும் பிள்ளைக்கு அது உதவியாகத் தோன்றும். வந்தது மோசடியில் பறித்த பணமாக இருந்தால், கணக்கு முடக்கப்படுவதோடு சிஃபாஸ் பதிவேட்டில் ஏறும் குறி ஆறு ஆண்டுகள் நிற்கும். அந்தக் காலம் முழுவதும் வேறு வங்கிக் கணக்கோ, கைப்பேசி ஒப்பந்தமோ கிடைப்பது அரிது. சட்டவிரோதப் பணப் பரிமாற்றக் குற்றத்துக்கு 14 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. கணக்கைத் திறந்து தரும்போதே, புன்னகையோடு வாழ்த்துச் சொல்லும் அந்த நேரத்திலேயே, இதைத் தெளிந்த தமிழில் சொல்லி அனுப்புவதை அவர் வழக்கமாகக் கொண்டிருந்தார்.

திறந்த பிறகு அட்டையும் அதன் இரகசிய எண்ணும் வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு உறைகளில் அஞ்சலில் வரும். பலர் பங்கிட்டு வாழும் வீட்டில் ஒரே அஞ்சல் துளை வழியாக எல்லாக் கடிதங்களும் கூடத்துத் தரையில் விழுவதால், ஒரு வாரத்துக்குள் எதுவும் வராவிட்டால் உடனே கேட்டு, அந்த அட்டையை நிறுத்திவிட்டு வேறொன்று வாங்குவது நல்லது. வங்கி அறிக்கை இப்போது பெரும்பாலும் கைப்பேசியில் மட்டுமே காட்டப்படுகிறது. தாளில் வேண்டும் என்று தனியே கேட்டால்தான் அஞ்சலில் வரும். வீட்டு வாடகை முகவரும் ஓட்டுநர் உரிமத் துறையும் அடுத்து இன்னொரு வங்கியும் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான் என்பதால், முதல் மூன்று மாதங்களுக்காவது அதைத் தாளிலேயே வரவழைத்து, மடிக்காமல் ஓர் உறையில் வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசியிலிருந்து தாமே அச்சிட்ட படிக்குக் கிளையின் முத்திரை கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், முத்திரை வைத்துத் தரும் கிளைகளோ குறைந்துகொண்டே வருகின்றன.